நாலு விரல் விட்டுத் தைத்தேன்

நான் பொய்யாகத் தைத்தேன்.

லோத்குண்டாவில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த டான்ஸ் பார் எப்படி மூடியது என்று கேட்டால், அம்மன் மூடினாள் என்பார்கள். ஊர்வலம் போனோம், மூடினார்கள் என்பார்கள். நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லை! அதை மூடியது என் தையல் மெஷின். நாலு விரல்... அவ்வளவுதான். தைத்தவன் நான். தண்டனை வாங்கியவர் வேறொருவர்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. இடுப்பு, மார்பு, தோள் என்று அளவு நோட்டில் எழுதிப் பழகிய கை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் ஆர்க்காட்டுப் பக்கமிருந்து பட்டாளத்தோடு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தது. பட்டாளத்துக்குச் சட்டை தைக்க. கோயிலும் அப்போது வைத்ததுதான். என் கடை கோயில் வாசலுக்கு நேர் எதிரே.

ஊருக்கு மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய காலம் அது. கம்ப்யூட்டர் வேலைக்கு எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய மாலைப் பொழுதுக்காக எங்கள் ரோட்டில் ஒரு பார் வந்தது. பலகையில் 'ஃபேமிலி ரெஸ்டாரெண்ட்' என்று இருந்தது. குடும்பம் எதுவும் உள்ளே போய் நான் பார்த்ததில்லை. உள்ளே பெண்கள் ஆடுவார்கள். ஆடுகிறவள் தலைக்கு மேலே ஒவ்வொரு நோட்டாக விசிறுவார்கள்.

எனக்கு அதில் கோபம் இருந்ததா? உண்மையைச் சொல்கிறேன்... இல்லை. யாரோ ஆடுகிறார்கள், யாரோ பார்க்கிறார்கள். எனக்கென்ன?

ஆடி வந்தது. இங்கே தெலுங்குக்காரர்களுக்கு அது போனாலு, படையல் பானையைத் தலையில் சுமந்து அம்மனிடம் வருவார்கள். எங்களுக்குத் தீர்த்தக் குடம். என் மனைவி பூங்காவனம் வருடா வருடம் குடம் எடுப்பாள். என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவள். கடையில் உட்கார்ந்து நாளெல்லாம் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள். வருடத்தில் அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அவள்மேல் அம்மன் வருவாள். ஆடுவாள். தெருவே கையெடுத்துக் கும்பிடும்.

அந்த வருடம் குடம் பார் வாசலுக்கு வந்தபோது பம்பைச் சத்தம் ஏறியது. பூங்காவனத்துக்கு அருள் வந்துவிட்டது. அப்போது பாரிலிருந்து ஒரு பையன் வெளியே வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை. கையில் பத்து ரூபாய் நோட்டுகள். அவளைப் பார்த்தான், சிரித்தான், விசிறினான்... அவள் தலைக்கு மேலே. ஒன்று. இரண்டு. மூன்றாவது நோட்டு குடத்து வேப்பிலையில் ஒட்டிக்கொண்டது.

பம்பை நின்றது.

தப்பு செய்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே பழகிய கை, வெளியேயும் அப்படியே வீசியது.

பாருக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். ஜிகினாப் பாவாடை, அதற்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று. "இக்கட காது பாபு, இக்கட காது" என்றாள். இங்கே இல்லை, இங்கே இல்லை. கீழே கிடந்த நோட்டுகளைப் பொறுக்கி அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள். வேப்பிலையில் இருந்ததை மட்டும் அவள் தொடவில்லை. பூங்காவனமே எடுத்துக் கீழே போட்டாள்.

நான் என்ன செய்தேன்? நின்றேன். கழுத்தில் அளவு டேப்பு தொங்கியது. அதைக் கழற்றிக்கூட வைக்காமல் வந்திருந்தேன்.

மறுநாள் பூங்காவனம் சொன்னாள்:

"இனிமே நான் குடம் எடுக்கல மாமா."

"அந்தப் பையன் மேல கோவமா?"

"கோவம் இல்ல. ஆடறப்போ அவன் கை ஞாபகம் வரும். அம்மன் வரமாட்டா."

அவ்வளவுதான் சொன்னாள். காஜா ஊசியை எடுத்துக்கொண்டாள். அடுத்த ஆடிக்குள் அந்தப் பார் இருக்கக் கூடாது, இவள் மறுபடி ஆட வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். வேறு எதுவும் என் தலையில் இல்லை.

கோயில் கமிட்டிக்கு மாணிக்கம் அண்ணன் தலைவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என்ஜின் ஊதுகிற மாதிரி குரல். மனு எழுதினார். சர்ச் பாதிரியார் கையெழுத்துப் போட்டார், பள்ளிவாசல் பெரியவர்கள் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தோம். பார் மேனேஜர் படியில் நின்று பல் குத்திக்கொண்டே பார்த்தான்.

"டேய், ஃபேமிலி ரெஸ்டாரெண்டுனு போட்டுகிறியே! உன் ஃபேமிலிய ஒரு நாள் இட்டாந்து உக்கார வையேன், பாக்கலாம்!" என்றார் மாணிக்கம் அண்ணன்.

பெண்கள் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தான். அவனுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"கத்துங்க அண்ணா, கத்துங்க. நூறு மீட்டருக்குள்ள இருந்தா நாங்களே பூட்டினு போறோம். டேப்பு வேணும்னா நானே தர்றேன், நக்கோ, வேணாம்னு சொல்லாதீங்க!"

அவன் சொன்னது சட்டம். கோயில் வாசலிலிருந்து நடக்கிற வழியில் அளந்தால் நூறு மீட்டருக்குள் பார் இருக்கக் கூடாது. அவன் முதலாளி அதைத் தெரிந்துதான் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, கட்டடத்தின் கோடியில் புது வாசல் திறந்திருந்தான்.

ஒரு மத்தியானம், தெரு சாப்பாட்டுக்கு அடங்கிய நேரம், மேஸ்திரி ஒருவரிடம் ஸ்டீல் டேப்பு வாங்கி நானே அளந்தேன். மூன்று முறை. நூறு மீட்டர், ஒரு சாண். மூன்று முறையும் அதே சாண்! என் கையை விரித்து ரோட்டில் வைத்துப் பார்த்தேன். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை. அந்த இடைவெளியில் அவன் பாரை வைத்துவிட்டான்.

மாணிக்கம் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் குரல் இறங்கிவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனிக் கடைசியில் அளக்க வந்தார்கள். ஒரு அதிகாரி, ஒரு குமாஸ்தா, டேப்பு பிடிக்கிற செயின்மேன் காதர் பாய். காதர் பாயை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ரம்ஜானுக்கு அவருக்கு நான்தான் தைப்பேன். தெலுங்கு, உருது, எங்கள் தமிழ் எல்லாம் கலந்து பேசுவார். நிலம் அளந்தே நரைத்தவர். அளவு நாடாவை நான் எடுக்குமுன் தன் இடுப்பைத் தானே சொல்லிவிடுவார். சரியாக இருக்கும்! "நானும் அளக்குறவன் மாஸ்டர், நீயும் அளக்குறவன். நம்ம ரெண்டு பேருக்கும் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க டேப்பு முப்பது மீட்டர். துணி டேப்பு. முனையில் பித்தளை வளையம். நூறு மீட்டரை அளக்க நாலு முறை போட வேண்டும். முதல் முறை போட்டார்கள். காதர் பாய் கோயில் வாசலில் வளையத்தைப் பிடித்துக் குந்தியிருந்தார். தண்ணீர் டேங்கர் ஒன்று திரும்பியது. கூட்டம் கத்தியது. டேப்பு சக்கரத்தில் மாட்டி, வளையத்தோடு ஒரு சாண் துண்டு கிழிந்து காதர் பாய் கையோடு வந்துவிட்டது.

"இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார் அதிகாரி. மேனேஜருக்கு முகமெல்லாம் பல்.

"எதுக்கு சார் இன்னொரு நாள்? எதிர்லயே டைலர் கடை!" என்று மாணிக்கம் அண்ணன் ஊதினார்.

காதர் பாய் இரண்டு துண்டையும் என் மேஜையில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து டீ சொன்னார். டேப்பை அவர் என்னிடம் கொடுத்தார்... நான் கேட்கவில்லை. அம்மனே கொடுத்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது ஓரத்தில் நாலு விரல் விட்டு உள்ளே மடித்துத் தைப்போம். வெளியே தெரியாது. தாய்மார்கள் கேட்பார்கள், "நாலு விரல் விட்டியா மாஸ்டர்?" விட்டேன் என்போம். என் கை அதைத் தினமும் செய்கிறது. யோசிக்காமல் செய்கிறது.

கிழிந்த இரண்டு முனையையும் முட்ட வைத்துத் தைக்க வேண்டும். நான் முட்ட வைக்கவில்லை. நடுவில் நாலு விரல் விட்டேன். மேலே ஒரு கித்தான் பட்டி, கீழே ஒரு கித்தான் பட்டி. பட்டாளத்துப் பை தைத்து மிஞ்சிய பச்சைக் கித்தான் துணி. இரட்டைத் தையல் ஓட்டினேன். உள்ளே இருக்கும் இடைவெளி யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒரு முறை போட்டால் டேப்பு நாலு விரல் குறைத்துக் காட்டும். நாலு முறை போட்டால் பதினாறு விரல். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல். எனக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது!

"பட்டி கொஞ்சம் நீளமா இருக்கே மாஸ்டர்?" காதர் பாய் தடவிப் பார்த்தார்.

"பலத்துக்கு பாய். மறுபடி கிழியாம."

"ஹவ், ஹவ்" என்று தலையாட்டினார். "நீ தைச்சா சரியாத்தான் இருக்கும்."

காஜா எடுத்துக்கொண்டிருந்த பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியுமா? இதுவரை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அளந்தார்கள். முப்பது. அறுபது. தொண்ணூறு. ஒவ்வொரு முறையும் டேப்பு முடிந்த இடத்துக்கு வந்து காதர் பாய் சுண்ணாம்புக் கட்டியால் ரோட்டில் கோடு போட்டார். நாலாவது முறை அவர் கடைசிக் கோட்டில் வளையத்தை அழுத்திப் பிடித்தார். பார் வாசலில் குமாஸ்தா குனிந்து படித்தார். அதிகாரி குனிந்து படித்தார்.

தொண்ணூற்றொன்பது மீட்டர், தொண்ணூற்று மூன்று சென்டி மீட்டர்!

நூறுக்கு உள்ளே! நாலு விரல் உள்ளே!

மேனேஜர் குதித்தான். "நாங்க அளந்திருக்கோம் சார்! தப்பு சார்!" என்றான். சர்க்கார் டேப்பு பொய் சொல்லாது என்றார் அதிகாரி. அதற்குப் பிறகு அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு குலவை! மாணிக்கம் அண்ணன் என்னைத் தூக்கிவிட்டார். எழுபது கிலோ ஆள் நான். "டைலர் இல்லாட்டி இன்னிக்கு நடந்திருக்குமா!" என்று ஊதினார். அவருக்குத் தெரியாமலே உண்மையைச் சொன்னார்.

நான் சிரித்தேனா? சிரித்தேன். வாய் நிறையச் சிரித்தேன். ஒரு சாணை வைத்து எங்களை ஏய்த்தவனை நான் நாலு விரலில் வென்றேன்! அந்தச் சந்தோஷத்தை உங்களிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஆனால் கேளுங்கள். நான் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது.

ஜீப்பில் ஏறப்போன காதர் பாயை நிறுத்தினேன். "பாய், அவசரத்துல தைச்சது. பிரிஞ்சிடும். கொடுங்க, நல்லா தைச்சுத் தரேன்" என்றேன். அவர் இறங்கி வந்தார். அவர் கண் முன்னாலேயே பட்டியைப் பிரித்தேன். அவர் என் காலண்டரில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முனையையும் முட்ட வைத்து, மயிரிழை விடாமல், அளவு சரியாகத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்மையாக ஒரு தையல் போட்டதில்லை.

"எங்க ஆபீஸ்ல யாரு மாஸ்டர் இவ்ளோ அக்கறையா பண்றான்?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பத்து நாளில் பாருக்குப் பூட்டு விழுந்தது. ஆடிய பெண்கள் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினார்கள். அன்றைக்கு ஓடி வந்த அந்தப் பெண் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பூங்காவனம் கடையிலிருந்து இறங்கிப் போய்க் குங்குமத் தட்டை நீட்டினாள். ஆடிய பெண்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள்... நான் விசாரிக்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆடித் திருவிழா வந்தது! பூங்காவனம் குடம் எடுத்தாள். பூட்டிய கதவுக்கு எதிரே குடம் வந்ததும் பம்பை ஏறியது. அவள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள்... பிறகு ஆடினாள்! என்ன ஆட்டம்! தெலுங்குக்காரர்கள் போனப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். பாதிரியார் தன் வீட்டு மாடியில் நின்று பார்த்தார். கோயிலில் எனக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். முதல் மரியாதை! ஐந்தாம் வகுப்பு படித்த தையல்காரனுக்கு!

கட்டிக்கொண்டேன். வருடா வருடம் கட்டிக்கொண்டேன்.

பார் முதலாளி சும்மா இருக்கவில்லை. மேலே எழுதிப் போட்டான். கோப்பு மெதுவாக நகர்ந்தது. அதற்குள் கட்டடத்துக்காரர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் விட்டுவிட்டார். முதலாளியும் உப்பல் பக்கம் வேறு கடை போட்டுவிட்டான். இனி அந்தப் பார் திரும்பி வராது. எங்கள் வெற்றி வெற்றிதான்! ஆனால் திறந்த கோப்பை யார் மேலாவது போட்டுத்தானே மூட வேண்டும்?

ஸ்டீல் டேப்போடு வந்து அளந்தார்கள். நூறு மீட்டர், ஒரு சாண். பழைய துணி டேப்பைக் கொண்டுவரச் சொல்லி ஸ்டீல் டேப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். துளி வித்தியாசம் இல்லை. டேப்பு சரி. அப்படியென்றால் பிடித்த கை தப்பு. வளையம் பிடித்தவர் கோயில்காரர்களிடம் எதையோ வாங்கிக்கொண்டு கோட்டை நகர்த்திப் போட்டிருக்கிறார் என்று எழுதினார்கள்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். காதர் பாய் ஓரத்தில் நின்றிருந்தார்.

"இவருக்கு நீங்கள் ஏதாவது கொடுத்தீர்களா?"

"டீ."

சிரித்தார்கள்.

"டேப்பைத் தைத்தது நீங்கள்தானே?"

"நான்தான். உங்கள் கையில்தானே இருக்கிறது... அளந்து பாருங்கள், சரியாக இருக்கும்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பார்த்தீர்களா! காதர் பாய் என்னை நன்றியோடு பார்த்தார். நல்ல வார்த்தை சொன்னேன் என்று நினைத்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? பார் திரும்பி வந்திருக்காது. என் பரிவட்டம் போயிருக்கும். கோயில் ஏமாற்றியது என்று ஊர் பேசியிருக்கும். பூங்காவனம் மறுபடி ஆடுவாளோ மாட்டாளோ... இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் தைத்துக்கொண்டேன். வாய் திறக்கவில்லை.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது அவருக்கு வேலை போயிற்று.

வந்து சண்டை போட்டாரா? இல்லை. துணியோடு வந்தார். ரம்ஜானுக்குப் பைஜாமா. அளவு நாடாவை எடுத்தேன். வழக்கம்போல இடுப்பளவைத் தானே சொன்னார். நாடாவைச் சுற்றினேன். இரண்டு அங்குலம் குறைவாக இருந்தது. முதல் முறையாக அவர் சொன்ன அளவு தப்பியது.

"ஏன் இப்படிப் பாக்குற? எழுதிக்கோ" என்றார். "என் கை போயிருச்சு மாஸ்டர். கோடு போடும்போது நகந்திருக்கும். எனக்கே தெரியல பாரு. பரவால்ல, பார் போச்சுல்ல? நம்ம பொண்ணுங்க நடக்குற ரோடு. அது போதும்."

எழுதிக்கொண்டேன். குறைந்த அளவை எழுதிக்கொண்டேன்.

இப்போது அவர் அந்த ஹாஸ்டலுக்கு வாட்ச்மேன். ஆமாம், அதே கட்டடம். அதே வாசல். முதலாளி ஒரு சாண் தள்ளி வைத்த வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தினமும் மத்தியானம், பெண்கள் வேலைக்குப் போய்த் தெரு ஓய்ந்த பிறகு, எழுந்து நடப்பார். ஹாஸ்டல் வாசலிலிருந்து கோயில் வாசல் வரைக்கும். ஒரே அளவான அடி. உதடு அசையும். எண்ணிக்கொண்டே வருவார். தான் கோடு போட்ட மூன்று இடத்திலும் நிற்பார். குனிந்து தரையைப் பார்ப்பார். முடித்து என் கடைக்கு வந்து தண்ணீர் கேட்பார்.

"எவ்ளோ எண்ணினாலும் கொஞ்சம் தாண்டியே வருது மாஸ்டர். எங்க தப்புச்சுனு தெரியமாட்டேங்குது."

தப்பவில்லை பாய். நூறு மீட்டர், ஒரு சாண். உன் கால் இன்றைக்கும் சரியாக அளக்கிறது... சொல்லவில்லை. செம்பை நீட்டுகிறேன். குடித்துவிட்டுப் போகிறார்.

அந்தப் பச்சைக் கித்தான் பட்டி இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. தையல் பிரித்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.

இந்த ஆடியிலும் பூங்காவனம் ஆடினாள். நான் கும்பிட்டேன். மறுபடி அந்த டேப்பு என் மேஜைக்கு வந்தால் என்ன செய்வாய் என்று நீங்கள் கேட்டால்... நாலு விரல் விடுவேன்! அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. பிரித்துத் தைத்ததைத்தான் என்னால் எந்தப் பக்கமும் மடிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தமிழில் எழுதியிருக்கிறேன். காதர் பாய்க்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது.

அது தெரிந்துதான் எழுதினேன்.